உப்பு எரியாது

கோபன்ஹேகனில் இருப்பவர்கள், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் இடங்களில் ஒரு குப்பை எரிக்கும் ஆலையும் உண்டு. பெயர் அமாகர் பக்கே. 2017-ல் ஓடத் தொடங்கியது. 2019-ல் அதன் சரிவான கூரையைப் பனிச்சறுக்குத் தளமாகத் திறந்துவிட்டார்கள். பனி தேவையில்லை, செயற்கைத் தரைதான். ஆடி மாதத்திலும் சறுக்கலாம். உச்சி 85 மீட்டர். ஊரும் கடலும் கப்பல்களும் தெரியும்.

மேலே ஏறியதும் குழந்தைகள் கேட்பது, “நிஜமாவே நம்ம காலுக்குக் கீழ குப்பை எரியுதா?” எரிகிறது. இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் மணிக்கு 35 டன் எரிக்கக்கூடியது. கூட வந்த மாமாக்கள் கேட்பது வேறு: “எவ்வளவு கரண்ட் வருது?” முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கொஞ்சம் சிக்கலானது. இவ்வளவு பெரிய நெருப்புக்கு வரவேண்டிய அளவு வருவதில்லை. அதற்குக் காரணம் நாலைந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு எஃகுச் சுவர். அந்தச் சுவரைத் தின்பதில் நம்ம வீட்டுச் சமையலறை உப்புக்கும் பங்கு இருக்கிறது.

சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் வேலை பார்க்கும் சின்ன நிறுவனம் இப்படிப்பட்ட ஆலைகளுக்கு மென்பொருள் செய்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆலையை நிறுத்தி, ஆறவிட்டு, ஆட்கள் உள்ளே போய் மீயொலிக் கருவியைக் குழாய்களின் மேல் வைத்து ஆயிரக்கணக்கான இடங்களில் தடிமனை அளப்பார்கள். போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் பக்கத்தில் வைத்து, அடுத்த நிறுத்தம் வரை எந்தக் குழாய் தாங்கும், எது தாங்காது என்று சொல்வது எங்கள் நிரலின் வேலை. திரையில் எனக்குத் தெரிவது எண்கள் மட்டும்தான். 4.8, 4.6, 4.1, 3.2. ஒரு வரிசை மட்டும் மளமளவென்று இறங்கினால், ஏன் என்று யாரிடமாவது கேட்காமல் இருக்க முடியவில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குப்பை எரிகிற வெப்பத்தில் தண்ணீர் கொதித்து நீராவியாகிறது. நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. இதுவரை பள்ளிக்கூடப் பாடம். ஆனால் கொதித்து வரும் ஆவியை அப்படியே டர்பைனுக்கு அனுப்புவதில்லை. அதைத் திரும்பவும் சூடான புகைக்குள் தொங்கும் ஒரு குழாய்க் கொத்துக்குள் செலுத்தி, இன்னும் சூடேற்றுகிறார்கள். அந்தக் குழாய்க் கொத்துக்குத்தான் சூப்பர்ஹீட்டர் என்று பெயர். உள்ளே நீராவி, வெளியே புகை, நடுவில் அந்த மெல்லிய எஃகு. நீராவி எவ்வளவு சூடாக வெளியே வருகிறதோ, அதே நெருப்பிலிருந்து அவ்வளவு கூடுதலாக மின்சாரம் எடுக்கலாம்.

எண்களைப் பார்த்தால் புரியும். டென்மார்க்கின் வடக்கே ஆல்போர்க் அருகில், 1998-ல் தொடங்கிய ஒரு நிலக்கரி மின் அலகு இருக்கிறது. அதில் நீராவி 580 டிகிரி. நிலக்கரியின் ஆற்றலில் 47 சதவீதம் மின்சாரமாகிறது. அந்தக் காலத்தில் உலகம் திரும்பிப் பார்த்த எண் அது. வழக்கமான குப்பை ஆலை ஒன்றில் நீராவி 400 டிகிரி, அழுத்தம் 40 பார். மின்சாரமாவது 20 முதல் 25 சதவீதம். அமாகர் பக்கேயில் 440 டிகிரி, 70 பார். குப்பை உலகத்தில் அதுவே துணிச்சலான எண்.

அப்படியானால் குப்பை நெருப்பு சூடு குறைந்ததா? இல்லை. எரிந்த புகை குறைந்தது 850 டிகிரியில் இரண்டு விநாடியாவது இருந்தாக வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். டையாக்சின் போன்ற நச்சுகள் சிதைய அது வேண்டும். நெருப்பில் சூட்டுக்குப் பஞ்சமில்லை. நீராவியைத்தான் வேண்டுமென்றே சூடேறாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

எங்க சித்தப்பா தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் பாய்லர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோ காலில் இந்த 440-ஐச் சொன்னதும் சிரித்துவிட்டார். “ஏலே, நாங்க 540-ல ஓட்டுனோம். அதும் எப்ப? எழுபத்தொம்பதுல வந்த மெஷின்ல. நீங்க இப்ப கட்டிட்டு 440-ங்கிய?” அவருக்கு டியூப் பஞ்சர் புதுசில்லை. தமிழ்நாட்டு நாளிதழ்களில் ‘கொதிகலன் குழாய் பழுது, மின் உற்பத்தி பாதிப்பு’ என்ற செய்தி வராத வருடம் கிடையாது. ஆனால் அங்கே முக்கியமான எதிரி சாம்பல். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம். அது மணல் மாதிரி உரசி உரசிக் குழாயைத் தேய்க்கும். “இங்க தேயுறது இல்ல சித்தப்பா, அரிக்குது” என்றேன். “எதுல?” என்றார். உப்புல என்றதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். தூத்துக்குடிக்காரருக்கு உப்பு இரும்பை என்ன செய்யும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்காத வீடு இல்லை.

ஆனாலும் அவர் கேட்ட அடுத்த கேள்வி சரியான கேள்வி: “உப்புக்காத்துல ஈரம் இருக்கும், துருப்பிடிக்கும். நெருப்புக்குள்ள ஏதுல ஈரம்?”

ஈரமே இல்லாமல் நடக்கிற அரிப்பு இது. உப்பு எரியாது. அரிசி எரியும், காகிதம் எரியும், பிளாஸ்டிக் எரியும். சாம்பாரில் போட்ட உப்பு எரியாது. உலையின் சூட்டில் அது உருகி, அதில் ஒரு பகுதி ஆவியாகிப் புகையோடு கலந்து போகும். போகிற வழியில் சூப்பர்ஹீட்டர் குழாய் வருகிறது. புகையோடு ஒப்பிட்டால் அந்தக் குழாய் குளிர்ச்சியானது. குளிர் நாட்டில் ஜன்னல் கண்ணாடியில் மூச்சுக்காற்று படிவது போல, உப்பாவி அதன் மேல் படியும். அந்த ஒட்டலின் மேல் சாம்பல் ஒட்டும், அதன் மேல் இன்னும் சாம்பல். சில வாரங்களில் குழாய்க்கு ஒரு கம்பளிப் போர்வையே வந்துவிடும்.

குளோரின் வருவது உணவு உப்பில் இருந்து மட்டும் இல்லை. உப்பின் எடையில் சுமார் 61 சதவீதம் குளோரின் என்றால், பி.வி.சி. பிளாஸ்டிக்கில் சுமார் 57 சதவீதம். பழைய ஷவர் திரை, தோட்டத்து ஹோஸ், காற்றடைக்கும் நீச்சல் குளம், ரெக்சின், ஒயர் உறை எல்லாம் பெரும்பாலும் அந்த வகை. இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பிளாஸ்டிக் என்றாலே குளோரின் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. தண்ணீர் பாட்டிலும் சாதாரண கேரி பேக்கும் வேறு வகை, அவற்றில் குளோரின் கிடையாது.

சரி, படிந்த குளோரின் என்ன செய்கிறது? எஃகுக்கு இயற்கையாகவே ஒரு பாதுகாப்பு உண்டு. மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உருவாகி, உள்ளே இருக்கும் இரும்பை மூடிக்கொள்ளும். 540 டிகிரியில் சித்தப்பாவின் பாய்லர் தாங்கியதே அந்தத் தோலால்தான். குளோரின் அந்தத் தோலின் நுண்ணிய வெடிப்புகள் வழியே உள்ளே புகுந்துவிடும். உள்ளே ஆக்சிஜன் குறைவு. அங்கே குளோரின் இரும்போடு சேர்ந்து இரும்புக் குளோரைடாகிறது. குழாயின் சூட்டில் அது மெல்ல ஆவியாகி வெளிப்பக்கம் நகர்கிறது. வெளியே வர வர ஆக்சிஜன் கிடைக்கிறது. இரும்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு குளோரினை விட்டுவிடுகிறது. விடுபட்ட குளோரின் என்ன செய்யும்? அதில் ஒரு பங்கு திரும்ப உள்ளே போகும். இன்னொரு இரும்பைத் தூக்கிக்கொண்டு வரும்.

இதை முதன்முதலில் எனக்கு ஒருவர் வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டியபோது நினைவுக்கு வந்தது எங்க ஊர்க் கந்துவட்டிதான். முதல் குறைவதே இல்லை. கொடுத்த குளோரின் அப்படியே கைக்குத் திரும்பி வந்துவிடுகிறது, வட்டியாக இரும்பு மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. வெளியே புதிதாக உருவாகும் ஆக்சைடும் இறுக்கமான தோலாக இருப்பதில்லை. பொறுபொறுவென்று, தட்டினால் உதிரும். பாதுகாப்பும் போச்சு.

இந்த வட்டி விகிதத்தைத் தீர்மானிப்பது உலோகத்தின் சூடு. இரும்புக் குளோரைடு எவ்வளவு வேகமாக ஆவியாகிறது என்பது அதைப் பொறுத்தது. அதனால்தான் 400 டிகிரியில் பல வருடம் தாங்கும் குழாய், நீராவியை 450-க்கு ஏற்றினால் சீக்கிரமே தகடாகிவிடுகிறது. உலோகம் எப்போதும் உள்ளே ஓடும் நீராவியை விடச் சில பத்து டிகிரி கூடுதல் சூட்டில் இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோசமான இடங்களில் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வரை போய்விடும். சுவரே நாலைந்து மில்லிமீட்டர்தான் என்றேன் இல்லையா.

இதற்கு மேலும் ஒரு தொல்லை உண்டு, அது துத்தநாகமும் ஈயமும். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். துத்தநாகக் குளோரைடு 300 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அது பொட்டாசியம் உப்போடு கலந்தால் அதற்கும் கீழே. அதாவது குழாயின் மேல் படிந்த உப்பு திடமாக இல்லாமல், பாகு மாதிரி உருகி உட்கார்ந்திருக்கும். ஆக்சைடு தோலையே கரைத்துவிடும். இந்த உலோகங்கள் பழைய பேட்டரி, சாயம் பூசிய மரம், ரப்பர், கலங்கிப்போன எலக்ட்ரானிக் சாமான் என்று பல வழிகளில் குப்பைக்குள் வந்துவிடுகின்றன.

இரண்டு பொருள் கலந்தால் உருகும் சூடு எப்படிக் குறையும் என்று பிள்ளைகள் கேட்டால், இன்று சாயந்திரமே காட்டிவிடலாம். ஒரு ஐஸ் கட்டியின் மேல் ஒரு நூலை வைத்துக் கொஞ்சம் உப்பைத் தூவுங்கள். உப்பு பட்ட இடம் முதலில் உருகும், சுற்றியுள்ள குளிரில் திரும்ப உறையும், நூலைத் தூக்கினால் ஐஸ் கூடவே வரும். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவதும் இதற்குத்தான். எட்டு வயதுக்கு மேல் இருந்தால் ‘உருகுநிலை’ என்ற சொல்லையும் அதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், ஒட்டிக்கொள்ளும்.

நிலக்கரிக்கு ஏன் இந்தக் கஷ்டம் இல்லை என்பது சித்தப்பா கேட்காமல் விட்ட கேள்வி. பதில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொதுவாக நிலக்கரியில் குளோரின் குறைவு என்பது ஒன்று. அதில் கந்தகம் இருக்கிறது என்பது இன்னொன்று. புகையிலேயே கந்தகம் அந்த உப்போடு வினை புரிந்து அதைச் சல்ஃபேட்டாக மாற்றிவிடுகிறது. குளோரின் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகி, குழாயில் ஒட்டாமல் புகையோடு கிளம்பிவிடுகிறது. சல்ஃபேட் படிந்தாலும் இந்தச் சூட்டில் அவ்வளவு மோசம் பண்ணாது. அமில மழைக்குக் காரணம் என்று பள்ளியில் நாம் திட்டித் தீர்த்த கந்தகம் இங்கே வாட்ச்மேன் வேலை பார்க்கிறது. இதைத் தெரிந்துகொண்டு, புகையைக் கழுவும்போது கிடைக்கும் கந்தகத்தைத் திரும்ப உலைக்கே அனுப்பும் முறையை ஸ்வீடன்காரர்கள் உருவாக்கினார்கள். டென்மார்க்கின் மேற்கில், ஹோல்ஸ்டெப்ரோ அருகே உள்ள மோபியர் ஆலையில் அதைப் பொருத்தியிருக்கிறார்கள். விலைக்கு வாங்கிக் கொட்டாமல், இருப்பதையே சுற்றவிடுவது. எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

மற்ற வழிகள் பெரும்பாலும் காசு சமாச்சாரம். நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 625 என்ற உலோகக்கலவையைக் குழாயின் மேல் சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு வெல்டிங்காகவே பூசுவார்கள். வரிசை வரிசையாக வெல்டிங் பூசிய குழாய் பார்க்க அழகாக இருக்கும், மீன் செதில் மாதிரி. விலை கேட்டால் அழகு மறந்துவிடும். உலைச் சுவரில் இது நன்றாகவே தாங்குகிறது. சூப்பர்ஹீட்டரின் மிகச் சூடான கடைசி வரிசைகளில் இதையும் அந்த உப்பு விட்டுவைப்பதில்லை. இன்னொன்று, கட்டும்போதே செய்யும் ஏற்பாடு: நெருப்புக்கும் சூப்பர்ஹீட்டருக்கும் இடையில் காலியான பெரிய அறைகளை விட்டு, புகை 650 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகே குழாய்களைத் தொடும்படி வைப்பது. குப்பை ஆலைகள் ஏன் இவ்வளவு பெரிய கட்டடமாக இருக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்புறம் சுத்தியல். ஆமாம், நிஜமான சுத்தியல்தான். குழாய்க் கொத்தை வெளியிலிருந்து இயந்திரச் சுத்தியல் தட்டிக்கொண்டே இருக்கும், சாம்பல் உதிர.

ஆம்ஸ்டர்டாமில் வேறு மாதிரி யோசித்தார்கள். 2007-ல் தொடங்கிய அவர்களது ஆலையில் நீராவியை 440-லேயே நிறுத்திக்கொண்டு, அழுத்தத்தை 130 பாருக்கு ஏற்றினார்கள். டர்பைனில் பாதி வேலை செய்து களைத்த ஆவியை நடுவில் ஒருமுறை மறுபடி சூடாக்கினார்கள். அதற்கும் நெருப்புப் பக்கம் போகாமல் பாய்லரின் நீராவியையே பயன்படுத்தினார்கள். உப்புக்குத் தெரியாமல் சுற்றுவழியில் போவது மாதிரி. மின்சாரம் 30 சதவீதத்தைத் தாண்டியது.

டென்மார்க்கில் வீணாகிறது என்று சொல்லவும் முடியாது. மின்சாரமாக மாறாத வெப்பம் சுடுநீராகக் குழாய் வழியே ஊருக்குள் போகிறது. எங்கள் வீட்டு ரேடியேட்டர் சூடாவது அதில்தான். சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே யாருக்கு ரேடியேட்டர் வேண்டும்? எரிக்கும் குப்பையிலிருந்து மின்சாரம்தான் கிடைக்கும் லாபம். சாம்பல் 1999 முதல் செமாக்காவ் தீவுக்குப் படகில் போகிறது. அப்படிப்பட்ட ஊரில் இந்த 40 டிகிரி வித்தியாசம் இன்னும் பெரிய விஷயம்.

குழாய் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? உயர் அழுத்த நீராவி ஊசி மாதிரிப் பீய்ச்சும். பக்கத்துக் குழாயையும் அறுக்கும். உலையை அணைத்து, உள்ளே ஆள் போகும் அளவுக்கு ஆறவைக்கவே நேரம் பிடிக்கும், அப்புறம்தான் வெல்டிங். ஊரில் யாரும் அதுவரை குப்பை போடுவதை நிறுத்தப் போவதில்லை. லாரிகள் வந்துகொண்டே இருக்கும், குழி நிரம்பும். அந்தச் செலவெல்லாம் கடைசியில் வந்து உட்காரும் இடம் நம் வீட்டுக் குப்பைக் கட்டணம்.

குழாயில் ஒட்டாமல் தப்பிய உப்பு எங்கே போகும்? புகை வடிகட்டியில் மாட்டிக்கொண்டு பறக்கும் சாம்பலாகச் சேரும். ஈயமும் துத்தநாகமும் கலந்த அந்தச் சாம்பலைக் கண்ட இடத்தில் கொட்ட முடியாது. டென்மார்க்கின் சாம்பலில் ஒரு பகுதி கப்பலேறி நார்வேயின் லாங்கோயா தீவுக்குப் போகிறது. பழைய சுண்ணாம்புக்கல் குவாரி அது. அங்கே கழிவு அமிலத்தோடு சேர்த்து நடுநிலையாக்கிப் புதைக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஊறுகாய் சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம். ஒரு வீட்டு நார்த்தங்காயால் எந்தக் குழாயும் ஓட்டையாகாது. ஒரு நகரத்தின் மொத்த மிச்சச் சோறும் மொத்த ஷவர் திரையும் சேரும்போதுதான் என் திரையில் 4.8 என்பது 4.1 ஆகிறது. நல்ல செய்தி என்னவென்றால், உணவுக் கழிவைத் தனியாகப் பிரிப்பது இப்போது பல நாடுகளில் சட்டமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 இறுதியோடு கட்டாயம். இங்கிலாந்தில் வீடுகளுக்கு 2026 மார்ச் 31 என்று நாள் குறித்தார்கள். டென்மார்க்கில் பத்து வகையாகப் பிரிக்கிறோம். ஆரம்பத்தில் பத்து தொட்டியா என்று மலைப்பாக இருந்தது, பிள்ளைகள் நம்மை விட வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். உணவுத் தொட்டிக்குள் போகும் உப்பு நெருப்புப் பக்கமே வருவதில்லை. கழிவு நொதித்து எரிவாயுவாகும்போது உப்பு கீழே கசடோடு தங்கிவிடும்.

பி.வி.சி. கொஞ்சம் கவனம் கேட்கும். பார்த்தவுடன் இன்ன பிளாஸ்டிக் என்று சொல்லிவிட முடியாது. அடியில் முக்கோணத்துக்குள் 3 என்ற எண் இருந்தால் அது பி.வி.சி. டென்மார்க்கில் அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மறுசுழற்சி நிலையத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும்; குழாய் மாதிரிக் கெட்டியானது மறுசுழற்சிக்குப் போகும், மெத்தென்றிருப்பதைப் புதைப்பார்கள். போன கோடையில் ஓட்டையான நீச்சல் குளம் கார் ஷெட்டில் கிடக்கிறது என்றால், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியையும், விளக்கு எரியும் பொம்மைகளையும் சேர்த்து.

ஊறுகாய் கெட்டுப்போனால் உணவுத் தொட்டி. பாட்டிலைக் கழுவி, கண்ணாடியில்.